பிசினும் பாலும் கீலும்: வண்டியின் பூச்சில் படிவனவற்றை அகற்றுமாறு

நம் நாட்டில் மோட்டார் வண்டி வைத்திருப்போர்க்கு இரண்டு தொல்லைகள் பொதுவானவை. வெயிலுக்கு அஞ்சி மரநிழலில் நிறுத்தினால் மரம் சொட்டுகிறது. நிழலை விட்டுச் சாலையில் ஓட்டினால் சாலை தெறிக்கிறது. மேலிருந்து விழுந்தது எதுவாயினும் அதனைப் பிசின் என்கிறோம்; கீழிருந்து ஒட்டியது எதுவாயினும் அதனைத் தார் என்கிறோம். பெயர் ஒன்றாகிவிட்டபடியால் மருந்தும் ஒன்றாகிவிட்டது. பழந்துணியைப் பெட்ரோலிலோ தின்னரிலோ நனைத்துத் தேய்ப்பதே பலரும் அறிந்த வழி. அதனால் கறை போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. கறையோடு பூச்சும் போய்விடுவதும் உண்டு. தீப்பற்றி உயிருக்கே இடராவதும் உண்டு.

தமிழ்மொழியிலோ இப்பொருள்களுக்கு வெவ்வேறு பெயர்கள் பண்டே அமைந்துள்ளன. பிசின், பால், குங்கிலியம், கீல் என்பன ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கத்தக்க சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒருவகைப் பொருளின் இயல்பைக் குறிப்பது. படிந்திருப்பது இவற்றுள் எது என்று தெளிந்துகொண்டால், எதற்கு நீர் வேண்டும், எதற்கு எண்ணெய் வேண்டும், எதற்கு எரிசாராயம் வேண்டும் என்பது தானே விளங்கும்.

வேதியியலார் கூறும் அடிப்படை விதி எளியது. ஒத்த தன்மையுடையதே ஒத்த தன்மையுடையதைக் கரைக்கும். சர்க்கரையின் மூலக்கூறுகள் நீரின் மூலக்கூறுகளோடு எளிதில் சேரும். ஆதலின் சர்க்கரை நீரில் கரைகிறது. மெழுகின் மூலக்கூறுகள் நீரோடு சேரா, எண்ணெயோடு சேரும். பலாப்பழம் அறுக்கப் புகும் பெண்கள் கத்தியிலும் கையிலும் முன்னதாகவே தேங்காயெண்ணெயைப் பூசிக்கொள்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பலாப்பால் நீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகும் என்பதை அவர்கள் எந்தப் பாடநூலிலும் படித்தவர்கள் அல்லர்.

முதலில், பிசின் என்று பெயர் பெற்றும் பிசின் அல்லாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளி வளாகங்களிலும் பழைய சாலையோரங்களிலும் குடைவிரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை அறியாதார் இலர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம் இது. மாலையில் இலைகள் கூம்புவதால் மலாய்க்காரர் இதனைப் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி மரம் என்பர். 'ஹுஜான் ஹுஜான்' என்று மழையின் பெயராலும் அழைப்பர். இதன் கீழ் நிறுத்திய வண்டியின்மேல் பசைத்துளிகள் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். அவை பெரும்பாலும் மரம் சுரந்தவை அல்ல. கிளைகளிலும் தளிர்களிலும் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகள், தமக்கு மிஞ்சிய சர்க்கரை நீரைக் கழித்துவிடுகின்றன, அதுவே இப்பசை. மாமரத்தின் கீழ் நிறுத்திய வண்டிக்கும் இதே கதி நேர்கிறது. அத்துளிகளின்மேல் சில நாளில் கரும்பூஞ்சை படர்வதும் அதிலுள்ள சர்க்கரையினால்தான். சர்க்கரைக்குப் பெட்ரோல் எதற்கு? பெட்ரோலில் சர்க்கரை கரையவே கரையாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே விரித்து வைத்துப் பின்பு சவர்க்கார நீரால் கழுவினால் போதும். இரண்டு வெள்ளிக்குத் தின்னர் வாங்கித் தேய்த்தும் போகாத கறை ஒரு குவளை வெந்நீரில் போவதைக் கண்டு வியப்பவர்கள், வியக்க வேண்டியது தின்னர் வாங்கியதைத்தான்.

உண்மையான பிசின் என்பது நீரில் கரைவது, அல்லது ஊறிப் பருப்பது. கருவேலம் பிசினை நீரில் ஊறவைத்துக் கோந்தாக்கித் தாள் ஒட்டியது நம் முன்னோர் வழக்கம். முருங்கைப் பிசினும் பாதாம் பிசினும் நீரில் ஊறிக் குழைவன. இவற்றிற்கும் நீரே மருந்து. ஆனால் காய்ந்து இறுகியபின் ஊறும் நேரம் அதிகம் வேண்டும்.

நம் சாலையோரங்களில் அங்சானா என்று வழங்கும் மரம் நிறைய உண்டு. இது நம் வேங்கை மரத்துக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். பட்டையில் வெட்டுப்பட்டால் இரண்டும் இரத்தம்போற் சிவந்த சாறு வடிக்கும். தமிழ்நாட்டில் வேங்கைச் சாற்றைக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கரும்பொட்டு இடுவது வழக்கம். அது பொட்டாக நிலைப்பதே அதன் கறைபடியும் தன்மையைக் காட்டும். நகராண்மையினர் அங்சானாக் கிளைகளைக் கழித்த நாளில் அதன் கீழ் வண்டியை விட்டவர்கள் பூச்சில் செந்நிறத் தாரைகளைக் காண்பர். உலரும்முன் நீர்விட்டால் ஓடிவிடும். உலர்ந்தால் வெந்நீர் வேண்டும். அதற்கும் இளகாவிடின் எரிசாராயம் தோய்த்த பஞ்சு வேண்டும். அன்றைக்கே கழுவியவர்க்கு வேலை பாதி.

குங்கிலியம் இவற்றினின்றும் முற்றிலும் வேறானது. திருக்கடவூர்க் கோயிலில் குங்கிலியத் தூபம் இட்டதனாலேயே குங்கிலியக்கலயர் என்று பெயர்பெற்ற நாயனாரைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். வேலம்பிசினை நெருப்பிலிட்டால் கருகும். குங்கிலியமோ உருகி மணத்துடன் எரியும். காரணம், பிசின் சர்க்கரையின் இனம், குங்கிலியம் எண்ணெயின் இனம். சித்த மருத்துவர்கள் குங்கிலியத்தை நல்லெண்ணெயில் உருக்கி, நீரில் பலமுறை கழுவிக் குங்கிலிய வெண்ணெய் செய்வர். எண்ணெய் அதனை ஏற்கிறது, எத்தனை முறை கழுவினாலும் நீர் அதனைக் கொண்டுபோவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. மலாய்க்காரர் 'டாமார்' என்பது இவ்வகையையே. அவர்கள் படகின் பலகை இடுக்குகளை இதனால் அடைத்தார்கள். கடல்நீரில் கரையாத பொருளாயிற்றே! ஐரோப்பியர் இச்சொல்லையே எடுத்துக்கொண்டு, டர்ப்பன்டைனில் கரைத்து ஓவியங்களுக்கு மேற்பூச்சாக்கினர். மெராந்தி, கெருயிங் போன்ற காட்டு மரங்களும் கேமரன் மலையின் ஊசியிலை மரங்களும் வடிப்பது இவ்வினத்தைச் சேர்ந்தது. வண்டியில் படிந்தால் எத்தனை வாளி நீர் ஊற்றியும் பயனில்லை. தேங்காயெண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் விட்டு மெல்லத் துடைக்கலாம். மிகுதியாக இறுகியிருப்பின் மருந்துக்கடையில் கிடைக்கும் எரிசாராயத்தையோ, பெயிண்ட் கடையில் 'வைட் ஸ்பிரிட்' என்று விற்கும் கனிம எண்ணெயையோ துணியில் சிறிது தோய்த்து ஒற்ற வேண்டும்.

இடையில் ஒரு சொல். தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அவ்விதிப்படி தென்னையும் செம்பனையும் புல்லினம். வண்டியைப் புல்லின் நிழலில் நிறுத்துவோர்க்குப் பிசின் கவலை இல்லை. தேங்காய்க் கவலை உண்டு.

இனி, பாலுக்கு வருவோம். 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 இரப்பர்க் கன்றுகளின் வழியாகத்தான் நம் மக்கள் பலரின் வாழ்வே இந்நாட்டில் அமைந்தது. வெள்ளைக்காரர் அம்மரத்துக்கு என்ன பெயரிட்டிருந்தாலும் நம் தொழிலாளர் அதனைப் பால்மரம் என்றனர்; அத்தொழிலைப் பால்வெட்டு என்றனர். வெண்மை நோக்கி இட்ட பெயர் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடக்கூடாது. பசும்பாலில் கொழுப்புத் துளிகள் நீரில் மிதக்கின்றன. இரப்பர்ப் பாலில் இரப்பர்த் துளிகள் நீரில் மிதக்கின்றன. இரண்டிலும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி காப்பதில் புரதத்துக்குப் பங்குண்டு. எலுமிச்சை பிழிந்தால் பசும்பால் திரியும். ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் மரத்துப்பாலும் திரிந்து கட்டியாகும். தோட்டத்து ஆலைகளில் நாள்தோறும் நடந்த வேலை அது. நீண்டநேரம் திரியாமல் வைக்க வேண்டுமாயின் அம்மோனியா சேர்ப்பர். ஆகவே பால் என்ற பெயர் நிறத்தை மட்டுமன்றி அமைப்பையும் செயலையும் சேர்த்துச் சொல்லும் பெயர். கட்டிப்பால், ஒட்டுப்பால் என்று பின்நிலைகளுக்கும் தனிப்பெயர் வைத்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் சொல்லிவந்த மக்கள்தாம்.

இதிலிருந்து கறை நீக்கும் முறையும் கிடைக்கிறது. பால் ஈரமாக இருக்கும்வரை அது நீரோடு சேர்ந்தே இருக்கிறது. அப்போது நிறைய நீர்விட்டுக் கழுவினால் முழுதும் போய்விடும். கறையென்று கண்டவுடன் எலுமிச்சைச் சாறும் புளிக்காடியும் தேடுவது நம் வீடுகளின் வழக்கம். பாலுக்கு அது கூடவே கூடாது. அமிலம் பட்ட நொடியே பால் திரிந்து பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்து இரப்பராகிவிட்டதெனில் நீரால் ஆவது ஒன்றுமில்லை. விரல்நுனியால் ஓரத்தைக் கிளப்பி உருட்டினால் பெரும்பகுதி உரிந்துவரும். எஞ்சியதை எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவி ஊறவிட வேண்டும். இரப்பர் அதனைக் குடித்துப் பருத்துத் தன் பிடியைத் தளர்த்தும். மிதிவண்டிக் குழாய்க்கு ஒட்டுப்போடும் 'சொலூஷன்' என்பது இரப்பரைப் பெட்ரோல் வகை நீர்மத்தில் கரைத்ததே என்பதை நினைவிற்கொண்டால் இது விளங்கும். இதே காரணத்தால்தான் கதவோரத்து இரப்பர்ப் பட்டைகளில் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். கறையை ஊதிப் பருக்கச் செய்வது பட்டையையும் ஊதச் செய்யும்.

தார் என்னும் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதற்கு முன்பே நமக்குக் கீல் என்ற சொல் உண்டு. தமிழ் விவிலியத்தில் நோவாவின் பேழைக்குப் பூசியது கீல். பாபேல் கோபுரம் கட்டியோர் சாந்துக்குப் பதிலாகக் கொண்டது நிலக்கீல். குழந்தை மோசேயை வைத்த நாணற்பெட்டிக்குப் பூசியவற்றைச் சொல்லுமிடத்தில் பிசின், கீல் என்னும் இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. இந்த நிலக்கீல் என்ற சொல்லை நாம் இன்னும் போற்றியிருக்க வேண்டும். ஏனெனில் தார் என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களை மறைத்துவிட்டது. ஒன்று நிலக்கரியைக் காற்றின்றிச் சுடும்போது வடிவது. அதுவே உண்மையான தார். மற்றொன்று கன்னெய்யைக் காய்ச்சி வடித்தபின் அடியில் எஞ்சுவது, அதுதான் நிலக்கீல். இன்று நம் சாலைகளில் இடுவது நிலக்கீலே. நிலக்கரித் தார் உடலுக்கு மிகக் கேடானது. முயலின் காதில் அதனைத் திரும்பத் திரும்பத் தடவிப் புற்றுநோய் உண்டாவதை 1915இல் ஜப்பானிய அறிஞர்கள் யாமாகிவாவும் இச்சிகாவாவும் மெய்ப்பித்தனர். கப்பற் பலகைக்கும் கம்பத்துக்கும் பூசிய பழைய தார் கையில் ஒட்டினால் அலட்சியம் செய்யலாகாது.

எங்கள் பண்டமாரான் வட்டாரத்தில், 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹம் என்று பெயர் வழங்கிய கிள்ளான் துறைமுகத்தை நோக்கிக் கனவண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றின் பாரத்தால் சாலைகள் தேய்வதும் அவற்றைப் புதுப்பிப்பதும் ஓயாத வேலை. வெயில் ஏறிய நண்பகலில் சாலையின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டும். அவ்வெப்பத்தில் நிலக்கீல் இளகும். புதிதாக இட்ட இடத்தில் சக்கரம் அதனை வாரிக் கதவின் கீழ்ப்புறத்திலும் பின்சக்கர வளைவிலும் எறியும். கறுப்புப் புள்ளிகள் அவ்விடங்களிலேயே கூடியிருப்பதற்குக் காரணம் அதுதான். இந்நாட்டின் சாலைப் பணியிலும் இரயில் பாதைப் பணியிலும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு பெரிது. உள்ளங்காலில் ஒட்டிய தாரை அவர்கள் தேங்காயெண்ணெய் தடவி, ஊறவிட்டு, வாழைச்சருகால் வழித்தெடுத்ததாக எங்கள் முதியோர் சொல்வர். வண்டிக்கும் அம்முறையே சாலச் சிறந்தது. நிலக்கீல் எண்ணெயினம்; எண்ணெய்க்கு இளகும். சமையலெண்ணெய் மெல்ல வேலை செய்யும். மண்ணெண்ணெயும் வைட் ஸ்பிரிட்டும் விரைந்து செய்யும். 1953இல் அமெரிக்காவில் தோன்றி இன்று பட்டறைதோறும் காணப்படும் டபிள்யூ டி 40 என்னும் தெளிப்பானில் பெரும்பகுதி இத்தகைய கனிம எண்ணெய்தான். ஆகவே அதுவும் தாரை நீக்குகிறது.

கறையைப் பற்றி இத்தனை சொன்னோம். கறை படிந்திருக்கும் பூச்சைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கறையைக் கரைக்க வேண்டும், பூச்சைக் கரைக்கக்கூடாது. முழுச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. ஃபோர்டின் 'மாடல் டி' வண்டிகளுக்குப் பல ஆண்டுகள் பூசிய கறுப்புப் பூச்சில் நிலக்கீலே ஒரு கூறு. தாரைக் கரைப்பது அப்பூச்சையும் தாக்கக்கூடியது! 1920களில் வந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, தின்னர் உலர்வதாலேயே இறுகுவது. ஆதலின் மீண்டும் தின்னர் பட்டால் மீண்டும் இளகும். இக்காலத்து ஆலைப் பூச்சு அப்படியன்று. துருக்காப்பு, அடிப்பூச்சு, வண்ணப்பூச்சு, அவற்றின்மேல் நிறமற்ற தெளிபூச்சு என்று அடுக்கடுக்காக இருப்பது. தெளிபூச்சின் மூலக்கூறுகள் வலைபோல் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் மண்ணெண்ணெயும் எரிசாராயமும் சிறிதுநேரம் பட்டால் அதற்கு ஊறில்லை. ஆயினும் அதன் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் 25இல் ஒரு பங்குதான், தலைமயிரினும் மெல்லியது. கத்திமுனையும் நகமும் மணல் ஒட்டிய துணியும் அதனைக் கிழிக்கப் போதுமானவை.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் பழைய புரோட்டான் சாகா ஒன்றைக் கடன்பட்டு வாங்கினார். முன்பு வைத்திருந்தவர் அதன் முன்மூடிக்கு ஏதோ ஒரு பட்டறையில் மலிவாக மறுபூச்சு அடித்திருந்தார். சாலைத் தாரைப் போக்கத் தின்னர் தடவிய ஆசிரியர், கதவில் பளபளப்புச் சற்று மங்கக் கண்டார்; முன்மூடியிலோ நிறமே துணியோடு வந்துவிட்டது. ஒரே வண்டியில் இரண்டு வகைப் பூச்சு. அதனைச் சரிசெய்ய அவர் கொடுத்த தொகை ஏறக்குறைய அரைமாதச் சம்பளம். எனவேதான் எதைப் பயன்படுத்தினாலும் முதலில் கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தில் தடவி, துணியில் நிறம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

செய்முறையில் வரிசை முதன்மையானது. வண்டியை நிழலுக்குக் கொண்டுபோய்த் தகடு குளிரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு நீரும் சவர்க்காரமும் விட்டுப் புழுதியை முற்றும் நீக்க வேண்டும்; புழுதியோடு தேய்ப்பது மணற்றாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். சர்க்கரைக் கசிவும் பிசினும் இந்தக் கழுவலிலேயே போய்விடும். போகாதது எண்ணெயினம் என்று அறிந்து, எண்ணெயை மென்துணியில் எடுத்துக் கறையின்மேல் வைத்து ஊறவிட வேண்டும். தேய்ப்பதைக் காட்டிலும் காத்திருப்பதே வேலையை முடிக்கும். இளகியபின் ஒருபக்கமாக வழித்தெடுத்து, ஒவ்வொரு முறையும் துணியின் புதிய மடிப்பைப் பயன்படுத்த வேண்டும். இறுதியில் சவர்க்கார நீரால் எண்ணெயைக் கழுவி, அவ்விடத்தில் மெழுகு பூச வேண்டும்; கறையோடு பழைய மெழுகும் போயிருக்கும். முகவிளக்கின் மூடி கண்ணாடியன்று, பிளாஸ்டிக். அதில் பெட்ரோலும் தின்னரும் பட்டால் நுண்விரிசல் காணும்.

பெட்ரோலை ஏன் விலக்குகிறோம் என்பதற்குப் பூச்சு மட்டும் காரணமன்று. உறைநிலைக்குக் கீழ் 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை விடுவது அது. நம் நாட்டு வெயிலில் திறந்துவைத்த பெட்ரோல் குவளையைச் சூழ எப்போதும் தீக்காத்திருக்கிறது என்றே கொள்ளலாம். அந்த ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள அடுப்பையோ சுருட்டையோ சென்றடையும். பெட்ரோலில் பென்சீன் என்னும் நச்சுப்பொருளும் உண்டு; அது தோல்வழியும் மூச்சுவழியும் உடலிற் புகும். மண்ணெண்ணெய் சாதாரண வெப்பத்தில் அவ்வாறு எளிதில் ஆவி விடுவதில்லை. ஏறத்தாழ 38 பாகைக்கு மேல்தான் விடும். ஆனால் வெயிலில் நின்ற முன்மூடி அதைவிடச் சூடானது என்பதை மறவாதீர்கள். குளிர்ந்த தகட்டில்தான் வேலை என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். எரிசாராயம் அறை வெப்பத்திலேயே பற்றக்கூடியது. ஆதலின் அதனைக் காற்றோட்டமான இடத்தில் சிறிதளவே கையாள வேண்டும். நனைந்த துணிகளைச் சுருட்டி வண்டிக்குள் எறியாமல் வெளியே விரித்து உலர்த்த வேண்டும்.

மாணவர் கையில் தாரோ பலாப்பாலோ ஒட்டினால் பெட்ரோல் தோய்த்த துணியை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் சில பள்ளிகளில் இன்னும் உண்டு. தேங்காயெண்ணெயும் சவர்க்காரமும் போதும். விரும்பும் ஆசிரியர்கள் இதனையே ஒரு பாடமாக நடத்தலாம். நான்கு கண்ணாடிக் குவளைகளில் நீர் வைத்து, ஒன்றில் கருவேலம் பிசினையும் ஒன்றில் குங்கிலியத்தையும் ஒன்றில் சர்க்கரையையும் இட்டு, நான்காவதில் ஒரு துளி பசும்பாலை விட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். குங்கிலியம் மட்டும் அடியிற் கிடக்கும். பால் குவளையில் எலுமிச்சை பிழிந்து பார்க்க விரும்பினால், நீர் கலக்காத பாலை வேறொரு குவளையில் எடுத்துக்கொள்வது நல்லது. திரிவது தெளிவாகத் தெரியும்.